நாலு வயசுப் பொண்ணு

தாம்பரத்தில் நடந்த பெற்றோர் பயிற்சி வகுப்பில் எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் அட்டகாசத்தைச் சொல்லிப் புலம்பினார்கள். ஜாய்சனும் பிளஸ்ஸியும் மட்டும் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க நாலு வயசுப் பொண்ணு அடம் பிடிப்பாளா?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"தெரியல மேடம்," என்றான் ஜாய்சன்.

"கோபம் வந்தா பொருளைத் தூக்கி எறிவாளா?"

"அதுவும் தெரியல."

"அப்பாங்க எல்லாருமே இப்படித்தான்!" என்று ஒரு பெண் சொல்ல, ஹாலே சிரித்தது.

"பிளஸ்ஸி, நீங்களாவது சொல்லுங்க."

"எனக்கும் தெரியாது மேடம்," என்ற பிளஸ்ஸியின் முகம் மலர்ந்தது. "தத்தெடுக்கிறோம். நாளைக்குத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறோம். அதுக்குள்ள நாங்க கத்துக்கணும்ல?"

கைதட்டல் அடங்கியதும் பயிற்சியாளர் சொன்னார்:

"முதல் தடவை அடம் பிடிச்சா ஸ்வீட் வாங்கிக் கொண்டாடுங்க. இது நம்ம வீடுன்னு அவளுக்குத் தோணிடுச்சுன்னு அர்த்தம்."