ஆர்லோ கடையில் வாய்ப்பூட்டு

"லெஸ்டர், வாயை மூடிக்கிட்டு சாப்பிடறதா இருந்தா உட்காரு. இல்லைன்னா நடையைக் கட்டு."

ஆர்லோ இப்படிச் சொன்னது இருபது வருட வாடிக்கையாளரிடம். லெஸ்டர் அப்படியொன்றும் பெரிதாகப் பேசிவிடவில்லை. "போன தடவை டேரலை அந்த ஜூரிகள்..." என்று ஆரம்பித்தான், அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வெளியே வருமுன் ஆர்லோ மில்க்‌ஷேக் மிக்ஸியை ஓடவிட்டார். அதற்குள் ஒரு சொட்டுப் பால்கூட இல்லை.

ஜன்னலோர நீள மேஜையில், சட்டையில் 'ஜூரி' அட்டை குத்திய வெளியூர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காவலாக வந்திருந்த நீதிமன்ற ஊழியர் க்ளென்னுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

க்ளென் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த விசாரணையின் முதல் நாளே நீதிபதி அம்மா அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"முன்னாடி ஒரு விசாரணை நடந்தது மட்டும்தான் இந்த ஜூரிக்குத் தெரியும். அதுல குற்றவாளின்னு தீர்ப்பு வந்தது ஒருத்தர் காதுல விழுந்தாலும் ஜூரியைக் கலைச்சிடுவேன். அந்த ஆள் இன்னொரு வருஷம் உள்ளே கிடப்பான். பார்த்துக்கோ."

டேரல் ஏற்கெனவே மூன்று வருடம் உள்ளே இருந்தாயிற்று. ஒரு ஜனவரி மாலை, கால் புதையக் கொட்டுகிற பனியில் மதுக்கடையிலிருந்து கிளம்பியவன். அடுத்த பத்தாவது நிமிடம் ஊர்க்கோடியில் சோளக் கிடங்கு எரிந்தது. அதற்குள் அவன் அங்கே நடந்து போய்த் தீ வைத்திருக்க முடியுமா என்பதுதான் வழக்கு. மேல்கோர்ட் பழைய தீர்ப்பைத் தள்ளி, புது ஜூரியை வைத்து முதலிலிருந்து விசாரிக்கச் சொல்லிவிட்டது.

ஊரிலோ சாப்பாட்டுக்கடை ஒன்றே ஒன்று. பழைய தீர்ப்பு தெரியாத வாயும் அங்கே கிடையாது. க்ளென் கதிகலங்கித்தான் வந்தான். ஆனால் ஆர்லோ அவனுக்கு வேலையே வைக்கவில்லை. செய்தித்தாள் மாவு மூட்டைக்கு அடியில் போனது. டிவி வயரைப் பிடுங்கி எறிந்தார். பாதிரியார் பேச்சுவாக்கில் "பாவம் அந்த டேரல்..." என்றபோது அவருக்கும் அதே காலி மிக்ஸிதான்.

"என் வேலைக்கே உலை வச்சிடுவீங்க போலிருக்கே" என்றான் க்ளென்.

"சம்பளத்தை நீயே வச்சுக்கோப்பா. அவங்க காது மட்டும் சுத்தமா இருக்கட்டும்."

ஆறாம் நாள் மூன்று மணிக்குத் தீர்ப்பு வந்தது. குற்றவாளி இல்லை. டேரலின் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். க்ளென் நேராக ஆர்லோ கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். மனசு நிறைந்திருந்தது. எதிரே ஒரு தட்டில், செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தில் ஒரு பெரிய துண்டு. கையை நீட்டினான்.

பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"அது டேரலுக்கு. கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்கதான் வரான்."

"உங்களுக்கு சொந்தமா?"

"இல்லப்பா."

"அப்புறம் ஏன் இவ்வளவு பாடு?"

ஆர்லோ கவுண்டரைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"போன தடவை அந்தப் பன்னிரண்டு பேர்ல நானும் ஒருத்தன். வெளியில எதையும் விசாரிக்கக் கூடாதுன்னு நீதிபதி தலைப்பாடா சொன்னாங்க. நான் கேக்கலை. ஞாயித்துக்கிழமை கையில கடிகாரத்தோட மதுக்கடையிலிருந்து கிடங்கு வரைக்கும் நானே நடந்து பார்த்துட்டு, எட்டே நிமிஷம்னு மத்தவங்ககிட்ட சொன்னேன். அதுவரைக்கும் தயங்கிக்கிட்டிருந்த எல்லாரும் என் பேச்சைக் கேட்டு, குற்றவாளின்னு கையைத் தூக்கிட்டாங்க."

"அது எப்படி வெளியில வந்துச்சு?"

"நான்தான் இந்தக் கவுண்டர்ல நின்னு பெருமையடிச்சேன். நீ உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல்ல டேரலோட வக்கீல் காப்பி குடிச்சுக்கிட்டிருந்தாரு. என் கதையை முழுசாக் கேட்டுட்டு அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, எந்த மாசம் நடந்தீங்கன்னு."

கதவு மணி அடித்தது. டேரல் உள்ளே வந்துகொண்டிருந்தான். ஆர்லோ பலகாரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஜூன் மாசம்."