மதியம் நிற்கும் பச்சைப் புள்ளி

ஆகாயத்தாமரை எந்தெந்த வாய்க்காலில் பரவுகிறது என்று கண்காணிக்கும் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். என் ஆட்கள் கைக்கருவியோடு அலைவார்கள். களையைக் கண்ட இடத்தில் பதிந்தால் என் திரையில் சிவப்புப் புள்ளி விழும். ஆள் நிற்கும் இடம் பச்சை. நாற்காலி தேய்ப்பது மட்டும் என் பங்கு.

என் ஆட்களில் ஒருவரான மீசைக்காரரின் பச்சைப் புள்ளி தினமும் மதியம் ஒரே வீட்டுக்குப் பின்னால் நின்றது. சிவப்பு விழவே இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். என் வீடு!

"மத்தியானம் யாராச்சும் வந்தாங்களா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"யாரு வரப்போறா? நீங்களே ஒழுங்கா வர்றதில்ல."

சிரித்தாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் மதியம், சொந்த வீட்டுச் சுவரிலேயே திருடனைப்போல் ஏறி எட்டிப் பார்த்தேன். மீசைக்காரர் வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீரில் நின்று, ஆகாயத்தாமரையை அள்ளிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் மீசை, இதைப் பதியாம என்னய்யா பண்றே?"

"பதிஞ்சா எங்கேருந்து வருதுன்னு கேப்பாங்களே சார்!"

அவர் கை காட்டிய இடத்தில் எங்கள் கொல்லைத் தொட்டி. ஊதாப்பூ மண்டி, குட்டிச்செடிகள் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தன.

"எடுத்துடலாம்னு மேடம்கிட்ட சொன்னேன். 'கல்யாணமான புதுசுல அவர் ஆசையா வாங்கித் தந்த ஒரே செடி, தொடக் கூடாது'ன்னுட்டாங்க. சாருக்கு வேலை போயிடக் கூடாதேன்னு நானே தினம் அள்ளிடறேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வேற வாங்கியிருக்காங்க."

செடியைத் திரையில் மட்டுமே பார்க்கிறவன் நான்; கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தே வருடக்கணக்காகிறது.

கருவியை வாங்கிச் சிவப்புப் புள்ளியை நானே வைத்தேன்.

'பரவியதற்குக் காரணம்?' என்று அது கேட்டது.

'ஒருங்கிணைப்பாளரின் காதல்' என்று தட்டினேன்.