தண்ணீர் போகும் பக்கம்

மத்தியானப் பனிமூட்டத்தில் மலைச் சைக்கிள் தடம் பாதிவரைதான் தெரிகிறது. மீதியை நேற்றைய மழை அரித்துவிட்டது. மழைத்தண்ணீரைத் தடத்திலிருந்து வெளியே திருப்பிவிட, காலையிலிருந்து வாய்க்கால் வெட்டிய சந்தோஷ்குமாரும் ராதிகாவும் மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறார்கள். யாரும் கூப்பிடாத இந்த வேலைக்கு நாமக்கல்லில் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில், விலை படியாமல் கடையைவிட்டு நகராத ஆளைப் போல, அர்த்தனாரி குந்தியிருக்கிறார். அவருக்குக் கீழே அவருடைய மரவள்ளிக் காடு.

“தண்ணி நின்னா கெழங்கு அழுகிரும் சாமி. அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க.”

“அந்தப் பக்கம் பாறைங்க. ஞாயித்துக்கெழம இருவது பேரு சைக்கிள் ஓட்ட வாராங்க” என்கிறான் சந்தோஷ்குமார்.

“அவங்க ஒரு நாளு ஓட்டுவாங்க. தண்ணி ஐப்பசி முழுக்க ஓடுமுங்க.”

ராதிகாவின் உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து மண்வெட்டிப் பிடி பிசுபிசுக்கிறது. வெட்டிய மண்ணையே திரும்ப வாய்க்காலில் தள்ளுகிறாள். சந்தோஷ்குமார் மறுபக்கப் பாறையில் கடப்பாரையை இறக்குகிறான். ணங்கென்ற அதிர்வு தோள்வரை ஏறுகிறது. இரண்டாவது முறை ஓங்கியவன், சந்தேகம் வந்து நிறுத்துகிறான்.

“ஏனுங்க, இந்தப் பக்கம் கீழ யாரு காடுங்க?”

“எம் மச்சானுதுங்க. சோறு திங்கப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு.”