இரண்டு ஷிஃப்ட், ஒரு புத்தகம்

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கணக்கியல் புத்தகம், பக்கத்தில் இரண்டு இட்லிப் பொட்டலம்.

ஏழேகால் ஆகிறது. கலைமதியின் கம்பெனி பஸ் இந்நேரம் எங்கள் பென்னலூர் ஸ்டாப்புக்கு வந்திருக்க வேண்டும்.

பத்து மணிக்குக் காஞ்சிபுரத்தில் பரீட்சை. தபால் வழி பி.காம்.மில் இந்த ஒரு தாள்தான் பாக்கி. இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. தீபாவளியோடு என் கான்ட்ராக்ட் முடிகிறது. அதற்குள் டிகிரி கையில் இருந்தால் ஸ்டோர்ஸ் ஆபீஸில் ஒரு நாற்காலி. இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

கலைமதியை நான் பார்த்ததே இல்லை.

எட்டு மாதமாக ஒரே கட்டிலில் படுக்கிறோம். சிரிக்க வேண்டாம். எனக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் அவளுக்கு இரவு. வாரம் மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். அவள் வருவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். சாவி கீழே வீட்டுக்கார கனகலட்சுமி அக்காவிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போய்விடுவேன்.

மற்ற நாளெல்லாம் பஸ், ஃபேக்டரி லைன், பஸ், சோறு, தூக்கம். லைனில் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். சில வாரங்களில் என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்கும். தனியாக இருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லி அழலாம் போல இருக்கும். சொல்லத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் கோபத்தில் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கினேன். 'பணம் வந்தால் வரவுதானே? எந்த மடையன் இதைப் பற்று என்று வைத்தான்?'

புத்தகத்தைத் தலையணைக்கடியில் திணித்துவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அதன் கீழே வேறு கையெழுத்து.

'வூட்டுக்கு வந்தவங்கள லேசுல விட மாட்டோம், புடிச்சி வெச்சிப்போம். அது பற்று. கெளம்புறவங்க போறேன்னு சொல்ல மாட்டாங்க, வரேன்னுதான் சொல்லுவாங்க. அது வரவு.'

அன்றிலிருந்து எனக்கு அது தப்பியதே இல்லை.

நிலைச் செலவு புரியவில்லை என்று எழுதினேன். 'இந்த ரூம் வாடகைதான். ஒருத்தி படுத்தாலும் அதே, ரெண்டு பேர் படுத்தாலும் அதே' என்று பதில் வந்தது.

பிறகு, புரிந்ததையும் புரியாத மாதிரி கேட்க ஆரம்பித்தேன்.

போன் நம்பர் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பென்சில் நின்றுவிடுமோ என்று பயம்.

அவளும் இதே தாளைத்தான் எழுதுகிறாள். இல்லாவிட்டால் இந்த வறட்டுப் புத்தகத்தை வேறு யார் தொடுவார்கள்? என்னைவிடக் கெட்டிக்காரி. கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

போன வாரம் எழுதினேன். 'சனிக்கிழமை பரீட்சை. சேர்ந்தே போவோமா?'

'போலாம். நீ ரெடியா இரு. நைட் முடிச்சிட்டு வந்துடறேன்.'

அதனால்தான் இன்று லீவு போட்டுவிட்டு, முதல் முறையாக அவள் வரும் நேரத்தில் அறையில் இருக்கிறேன். இந்த முறை பரீட்சை நடக்கும் இடத்துக்குத் தனியாகப் போக வேண்டாம் என்பதே பாதி பாஸான மாதிரி இருக்கிறது.

கதவு திறந்தது. யூனிஃபார்மில், ஒல்லியாக, தூக்கம் சொக்கும் கண்களோடு ஒருத்தி.  நான் இட்லிப் பொட்டலத்தை நீட்டினேன்.

"சீக்கிரம் சாப்புடு. உன் ஹால் டிக்கெட்ட எடுத்துக்கோ."

"எனக்கு ஏது ஹால் டிக்கெட்டு? பரீட்சை உனக்குத்தான். நான் பத்தாவதே பாஸாவல. நீ எழுது, நான் வெளிய உக்காந்துகினு இருக்கேன்."

பின்னே எட்டு மாதமாக எதற்கு இதைப் படித்தாய் என்று கேட்டேன்.

அவள் தலை நிமிராமல் பொட்டலத்தின் நூலைப் பிரித்தாள்.

"இந்த ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆவுது. என்கிட்ட ஒண்ணு கேட்டவ நீ ஒருத்திதான்."