விற்காத இதழ்கள்

"ஒண்ணுகூட விக்கலை சார்! நெட்டுல ஓசியில படிக்கறப்போ எவன் காசு குடுத்து வாங்குவான்?"

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு எதிரே புத்தகக் கடை வைத்திருக்கும் ஆதிமூலம், கிழித்த அட்டைகளைக் கட்டாக நீட்டினார். விற்காத இதழின் அட்டையை மட்டும் கொடுத்தால் பதிப்பகம் அதன் விலையைக் கணக்கில் கழித்துக்கொள்ளும். உள்பக்கங்களைக் கடைக்காரரே அழித்துவிட வேண்டும்.

வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட வல்லரசு, அந்தச் சென்னைப் பதிப்பகத்தின் விற்பனை மேலாளர். ஜப்பான் சித்திரக்கதையைத் தமிழில் மாத இதழாகக் கொண்டுவந்தே ஆகவேண்டும் என்று முதலாளியிடம் ஒற்றைக்காலில் நின்றவரும் அவர்தான். இதழ் வந்த வாரமே யாரோ ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். இந்த மாதமும் விற்காவிட்டால் தொடருக்கு மூடுவிழா, அவர் வேலைக்கும்தான்.

"யாருன்னு தெரியுமா?"

"செங்கம் ரோட்டுல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கே, கவிநிலான்னு ஒரு பொண்ணு. அதான்! எந்நேரமும் அந்தக் கதையே கதின்னு கெடக்குது. விடாதீங்க சார்!"

வல்லரசு விடுவாரா? ஆட்டோ பிடித்து நேரே அங்கே போய் இறங்கினார்.

"ஏம்மா, எங்க இதழ நெட்டுல ஏத்தி வயித்துல இப்படி அடிக்கறியே, நல்லா இருப்பியா? போலீசுக்குப் போகப்போறேன்!"

கவிநிலா அசரவில்லை. "தாராளமா போங்க. அதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்று கணிப்பொறித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். இணையத்தில் ஏற்றப்பட்டிருந்த எல்லா மாதத்து இதழ்களும் வரிசையாக இருந்தன.

"யாரு ஏத்தினாலும் மொதல்ல அட்டையத்தான் சார் போடுவாங்க. கலர்ல என்னா அழகு! இதுல ஒண்ணுத்துக்காவது அட்டை இருக்குதா?"

வல்லரசு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எதற்கும் இல்லை.

"எப்படி இருக்கும்? அட்டையோட கேட்டா ஆதிமூலம் அண்ணன் ஸ்டாக் இல்லம்பாரு. அட்டை இல்லாததுதான் குடுப்பாரு, பாதி விலைக்கு. வாங்கறவங்கள்ல எவனோ ஒருத்தன் ஏத்தறான். ஆனா அதனால விக்கறது ஒண்ணும் கம்மியாவல சார், வந்த அன்னிக்கே அத்தனையும் தீந்துடுது. இந்த மாசம் நான் சண்டை போட்டுல்ல ஒண்ணு வாங்கினேன்!"

வல்லரசு பைக்குள் இருந்த கட்டைத் தடவிப் பார்த்தார். முழு இதழையும் திருப்பி அனுப்பினால் லாரிக் கூலி தண்டம், அட்டையைக் கிழித்துக் கொடுத்தாலே போதும் என்று ஊர் ஊராக ஏஜெண்டுகளுக்கு உத்தரவு போட்டு, அதற்காக முதலாளியிடம் சபாஷும் வாங்கியவர் அவர்தான்.