கிரேடு மூணு

பரிசோதனைக் கூடத்தில் இரண்டு டாக்டர்களுக்கும் மறுபடி சண்டை. ரிப்போர்ட்டை அடிக்க வேண்டிய டைப்பிஸ்ட் பெண், யார் ஜெயித்தாலும் சரி என்று கீபோர்டில் கை வைத்துக் காத்திருந்தாள்.

“மார்புக் கட்டி, புற்றுநோய்தான். தீவிரம் கிரேடு ரெண்டுன்னு போடும்மா,” என்றார் பெரிய டாக்டர், மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி.

“மூணு,” என்றார் டாக்டரம்மா. “செல்லெல்லாம் கண்டபடி பிரிஞ்சு பெருகிட்டிருக்கு. நீங்க ஸ்லைடுல சாதுவான இடமாப் பார்த்து எண்ணுறீங்க.”

“ஒரு கிரேடு குறைச்சா குடியா முழுகிடும்?”

“முழுகும். மருந்தும் குறைஞ்சிடுமே.”

டைப்பிஸ்டுக்கு ஆச்சரியம். வழக்கமாகக் கூட்டிச் சொல்பவர் பெரிய டாக்டர்தான். குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பவர் டாக்டரம்மா.

பெரிய டாக்டர் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பத்து இடங்களில் எண்ணினார்.

“மூணுதான்,” என்றார், தரையைப் பார்த்து.

டைப்பிஸ்ட் அடித்து முடித்தாள். “ஸ்லைடுல வெறும் நம்பர்தான் இருக்கு. பேஷண்ட் பேரு என்ன, டாக்டர்?”

பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தார்.

“என் பேரைப் போடும்மா. இந்தத் தடவையாவது எழுத்துப் பிழை இல்லாம அடி.”