ஆண் துணை: உண்டு / இல்லை

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பழக்க தோஷத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தேன்.

"ஏங்க, யாரோ வந்திருக்காங்க பாருங்க."

அப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தேன். உதவித்தொகை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கோப்பு. என் வீட்டில் ஆண் யாராவது இருக்கிறாரா என்று பார்த்து எழுத வந்த ஆய்வாளர்.

என் வாய் இருக்கிறதே, அதைத்தான் முதலில் தைத்துப்போட வேண்டும்.

புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது. என்னவர் போய் நாலு வருஷம். விண்ணப்பத்தோடு போனபோது, விட்டுவிட்டுப் போனதற்கு அத்தாட்சியாக அவரிடமே ஒரு கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். கூப்பிட்டால் வந்து கையெழுத்துப் போடுகிற மனுஷன் எதற்கு ஓடிப்போகப் போகிறார்? நடையாய் நடந்து, ஒருவழியாக அனுமதி கிடைத்தது. வீட்டு வாடகை அந்தப் பணத்தில்தான் ஓடியது.

அனுமதி கிடைத்தவர்களின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டினார்கள். எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டுமாம். பெயர், தெரு, கதவு எண். கடைசிக் கட்டத்தில் 'ஆண் துணையின்றி வசிப்பவர்'.

எதிர் வீட்டுக்காரர் அதை நன்றாகவே படித்திருக்கிறார். அந்த வாரமே ராத்திரி பத்து மணிக்கு மேல் என் கதவைத் தட்டி, மணி என்ன என்று கேட்டார். கையில் கடிகாரம் கட்டியிருந்தார். மறுநாளும் வந்து அதே கேள்வியைக் கேட்டார்.

மூன்றாம் நாள் கடைக்குப் போய் ஒன்பதாம் நம்பரில் ஓர் ஆண் செருப்பு வாங்கி வந்து வாசலில் விட்டேன். யார் தட்டினாலும் முதலில் உள்ளே பார்த்து "ஏங்க" என்றேன். எதிர் வீட்டுக்காரர் மணி கேட்பதை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு மொட்டைக் கடுதாசி எழுதிப் போட்டார். இந்த வீட்டில் ஓர் ஆண் இருக்கிறானாம், அரசுப் பணம் வீணாகிறதாம். கீழே 'பொறுப்புள்ள குடிமகன்'. மூன்று மாதமாகப் பணம் வரவில்லை.

இன்றைக்கு இந்த அம்மா 'உண்டு' என்று எழுதிவிட்டால் அதோடு சரி. மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஆய்வாளர் வாசலில் குனிந்து செருப்பைப் பார்த்தார். கோப்பில் ஏதோ எழுதினார். உள்ளே வந்தார்.

உள்ளே கொடியில் ஏழு பேன்ட்.

துணிக்கடைக்குப் பேன்ட் கால் மடித்துத் தைத்துக் கொடுக்கிறேன், எல்லாம் வாடிக்கைக்காரர்களுடையது என்றேன். அவர் ஒவ்வொன்றாக இடுப்பளவு பார்த்தார். முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்து நாலு. ஒரே ஆள் ஒரு வாரத்தில் இப்படிப் பருத்து இளைக்க முடியுமா? அதையும் எழுதிக்கொண்டார். ஏழு பேர் என்று எழுதினாரோ என்னவோ.

"அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்க," என்றார்.

யாரை என்று கேட்டேன்.

"நீங்க கூப்பிட்டவரை."

ஆய்வாளரே உள்ளறைக்குப் போனார். கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். குளியலறையில் இரண்டு பல் தேய்க்கும் பிரஷ் இருந்தன, அதில் ஒன்று சின்னது. பீரோவைத் திறந்து, மகளின் பள்ளிச் சீருடையைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்த்தார். நானும் கூடவே போய் விளக்கைப் போட்டுக் காட்டினேன். என்னையறியாமல், அந்த இல்லாத மனுஷன் எங்கேயாவது இருந்து தொலைத்துவிடப் போகிறாரே என்று எனக்கே பயமாக இருந்தது.

கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பட்டியல், எதிர் வீட்டுக்காரர், செருப்பு, 'ஏங்க', ஒன்று விடாமல். இல்லாத புருஷனை இருக்கிறார் என்று தெருவுக்கும், இல்லை என்று அரசாங்கத்துக்கும் ஒரே வாயால் சொல்லிக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலமாக இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். யாரோ ஒரு பெண் முன்னால் அழுகிறோமே என்று எரிச்சலாக வந்தது.

அவர் கோப்பை என் தையல் மெஷின் மேல் வைத்து, 'ஆண் துணை: உண்டு / இல்லை' என்ற வரியில் பேனாவை வைத்தார்.

'உண்டு' என்பதைக் கோடு போட்டு அடித்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரும் என்றார். பட்டியலையும் மறுபடி ஒட்டுவார்கள், அது தன் கையில் இல்லை என்றார்.

எனக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

வாசல்வரை போனவர் நின்று, எதிர் வீட்டுக் கதவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கைப்பையிலிருந்து செல்லை எடுத்து எதையோ தேடி அமுக்கினார்.

ஓர் ஆண் இருமினான். நல்ல கனத்த இருமல். அடித்தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் இருமினான்.

"எங்க வீட்டுக்காரர். ஆறு வருஷமா இதே இருமல்தான்," என்றார் ஆய்வாளர். "கூப்பிட்டா மட்டும் பத்தாதும்மா, உள்ளேருந்து ஒரு சத்தம் வரணும். உங்க நம்பர் சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன்."